நாலரை மணிக்கு இறங்கிய கோடு

சவரிமுத்து மாஸ்டரைப் பற்றி எங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். பிறந்த ஊர், பதினோரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்த விவரம், கோயில் பாட்டுக்குழுவில் அவருடைய குரல், மனைவியின் பெயர் ஆகியவை போதும் என்றார்கள். அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த நாட்களின் விவரம் இது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்து நண்பர்களுக்காகவும், வீட்டில் டைபாய்டு வந்து கலங்கி நிற்கிறவர்களுக்காகவும்.

நான் தேதி குறிக்கிற ஆள் என்பது நண்பர்களுக்குத் தெரியும். பள்ளியில் புது மணி கட்டிய நாள், எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் வந்த நாள், எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஆங்கிலத் தேதியும் ஹிஜ்ரித் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். "ஒரே நாளை ரெண்டு தடவை எண்ணுறீங்க முன்ஷி, சீக்கிரம் கிழவனாயிடுவீங்க" என்பார் சவரி. பள்ளியில் தமிழும் சரித்திரமும் நடத்துவதால், மீரான் என்கிற நான் அவருக்கு முன்ஷி. அவருக்கு நாட்கள் எல்லாம் புனிதர்களின் திருநாட்கள். "சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள் மழை பிடிச்சுது" என்பார். நான் அதைத் தேதியாக மாற்றி எழுதிக்கொள்வேன். இந்த விவரத்தில் என்னுடைய இரண்டு கணக்கையும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் காய்ச்சலின் நாட்களைத்தான் எண்ணுவார்கள். அவருடைய முதல் நாளுக்கு மூன்று நாள் கழித்து என்னுடைய முதல் நாள்.

அவருடைய முதல் நாளுக்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, அவரை நான் அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு தோப்பின் ஓரத்தில் பழைய தமிழ்க் கல்லறைக் கல் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கல்லில் ஆண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சவரிக்குக் கல்லில் அக்கறை இல்லை. "நீங்க செத்தவங்களை எண்ணுங்க, நான் தென்னை மரத்தை எண்ணுறேன்" என்று பெரிப் படகில் கடலைத் தாண்டி, பஸ் பிடித்து, என்னோடு வந்தார். அவர் மனைவி லூர்தம்மாள் காய்ச்சிய தண்ணீரை ஒரு போத்தலில் கொடுத்து அனுப்பியிருந்தாள். நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. ஒரு ஆளுக்கான தண்ணீரை இரண்டு பேர் குடித்தோம். பகல் ஒரு மணிக்குப் போத்தல் காலி. பிறகு வயலோரத்துக் கிணற்றில் குடித்தோம். தண்ணீர் குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. கல்லில் ஆண்டு இல்லை.

அந்தக் கிணறுதான் காரணமா என்று பிறகு டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், தெருவில் விற்கும் அய்ஸ் தண்ணீராகவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். கிருமி உள்ளே போன பிறகு பத்துப் பதினைந்து நாள் சத்தமில்லாமல் இருக்குமாம். நான் அந்தப் பதின்மூன்று நாளைச் சொன்னதும் அவர் தோளைக் குலுக்கினார்.

முதல் வாரம் இருவரும் மலேரியா என்று நம்பிக் கொய்னா மாத்திரை சாப்பிட்டோம். காது அடைத்தது, காய்ச்சல் அசையவில்லை. சவரியை அவருடைய எட்டாம் நாளில் ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். மறுநாள், என் ஆறாம் நாளில், நான் போனேன். ஆண்கள் வார்டில் பதினெட்டுக் கட்டில். அவருக்கு அடுத்தது காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையணையிலிருந்து சிரித்தார். "கல்லுல ஆண்டு இல்லைன்னு இங்க தேடி வந்தீங்களா?"

கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தின் தெளிந்த நீரை டைபாய்டுக் கிருமிகளோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். நோய் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகத் திரளும். எங்கள் இருவருக்கும் திரண்டது. டைபாய்டு என்பது குடலில் புண் வைக்கிற காய்ச்சல் என்று எங்களுக்கு விளக்கிச் சொன்னவர், கட்டுப் போட்டு நோயாளிகளைக் கவனிக்கிற வார்டு டிரஸர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியாக, எப்போதும் அவசரத்தில் இருப்பார்.

"மருந்து எண்டு ஒண்டும் இல்லை வாத்தியார். அது தன்ரபாட்டில வந்து தன்ரபாட்டில போகும். மூண்டு கிழமை, சில வேளை நாலு. பாலும் பார்லித் தண்ணியும் மட்டும். ஒரு பருக்கை சோறு உள்ள போகக்கூடாது. எழும்பி இருக்கக்கூடாது. விளங்குதோ?"

"கட்டி வெச்சா எழும்ப மாட்டோம்" என்றார் சவரி.

"கட்டியும் வைப்பன்" என்றார் டிரஸர்.

கட்டி வைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் கையைத் தூக்குவதே பெரிய வேலையாக இருந்தது. காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நர்ஸ் வந்து காய்ச்சல் பார்ப்பாள். நூற்று மூன்றைத் தாண்டினால் உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரால் துடைப்பார்கள். பல் கிட்டிக்கொள்ளும். என் காய்ச்சல் பெரும்பாலும் நூற்றிரண்டுக்குள் நின்றது. டாக்டர் அதை லேசான தாக்குதல் என்றார். சவரியுடையது நூற்று நாலைத் தொட்டு வந்தது. சில மத்தியானங்களில் அவர் இங்கே இல்லை, வகுப்பில் இருந்தார். "பின்வரிசை, பலகையைப் பாருங்க" என்று சீலிங்கைப் பார்த்துச் சொல்வார். அப்போது எனக்குப் பயம் வரும். பதினோரு வருஷமாக அந்த மனிதருக்குக் குரல் தடுமாறி நான் கேட்டதில்லை.

அவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று ஆண்டு மலரில் எழுதினேன். எவ்வளவு என்பதைப் பார்வை நேரத்தில்தான் பார்த்தேன். நாலு மணிக்குக் கதவு திறந்தால், மற்ற மாஸ்டர்கள், பழைய மாணவர்கள், பாட்டுக்குழு, பள்ளிக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருக்கும் சீனர், ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். டிரஸர் மூன்றாம் நாள் வாசலில் நின்றுகொண்டார். "இது ஆஸ்பத்திரியோ, கோயில் திருவிழாவோ? இரண்டு பேர் போங்கோ, மிச்சம் எல்லாம் வெளியில நில்லுங்கோ." என்னைப் பார்க்க என் மனைவி சோராவும் அவளுடைய தம்பியும் வந்தார்கள். சோரா பார்லித் தண்ணீரை மெல்லிய மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கொண்டுவருவாள். டிரஸர் சொன்ன "ஒரு பருக்கை" அவளைப் பிடித்து ஆட்டிவிட்டது. அதே பாத்திரத்திலிருந்து சவரிக்கும் ஊற்றுவாள். லூர்தம்மாள் கொண்டுவரும் பால் எனக்கும் வரும். நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன், அவள் என்னை அண்ணே என்றாள். சவரியுடையது பிள்ளைகள் இல்லாத வீடு. சுங்கை பினாங்கில் அவர்கள் வீட்டில்தான் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும்.

எதிர்க் கட்டிலில் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். காய்ச்சல் குறைந்து பசி பொறுக்காமல் யாரிடமோ வாங்கி எதையோ தின்றுவிட்டார். அரைமணிக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். குடல் புண்ணில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். மறுநாள் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு. அதற்குப் பிறகு சவரியும் நானும் பயந்தது வலிக்கு. வயிற்றில் சின்னதாக ஏதாவது இழுத்தால் மூச்சை அடக்கிக் கவனிப்போம். "வலிக்குதா?" "இல்லை. உங்களுக்கு?" "இல்லை." ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருப்போம். வலி இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று இருவரும் எண்ணியிருந்தோம்.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் சவரியும் தமிழில் ஒரு கணக்குப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தோம். கணக்கு அவருடையது, தமிழ் என்னுடையது. கடைசி அதிகாரம் கட்டம்போட்ட தாளில் கோடு வரைந்து விவரங்களைப் பார்க்கும் முறை. எங்கள் பள்ளிக்கு அது புதிது. மழை, கடல் ஏற்ற இறக்கம், பெரியில் போகிற ஆட்கள் என்று எதையும் கோடாக்கிவிடுவார். அந்த அதிகாரத்துக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டுமே என்று ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாளே சொன்னார். "நம்ம ரெண்டு பேர் காய்ச்சலையும் போடலாம் முன்ஷி. ஒரே தாள்ல ரெண்டு கோடு. நீங்கதான் குறிப்பீங்க, எனக்குக் கை நடுங்குது."

நர்ஸ் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கேட்டுக் குறித்தேன். அவருக்குக் கறுப்பு மை, எனக்குப் பென்சில். நாலு மணிக்கொருமுறை ஒரு புள்ளி எனக்குப் போதவில்லை. சோராவிடம் சொல்லி வீட்டிலிருந்த தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் செய்தேன். தலையணைக்கு அடியில் அது இருந்தது டிரஸருக்குத் தெரியாது. இடைப்பட்ட நேரங்களில் நானே பார்த்து, கூடுதல் புள்ளிகள் போட்டேன். நாடித் துடிப்பையும் எண்ணினால் நல்லது என்று சவரி ஒருமுறை சொன்னார். "ஒரு கோடு பாதிக் கதைதான் சொல்லும், முன்ஷி." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண எனக்குத் தலை சுற்றியது. காய்ச்சல் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய இருபதாம் நாள் புதன்கிழமை. எனக்குப் பதினேழு. பகல் இரண்டு மணிக்கு நர்ஸ் பார்த்தபோது அவருக்கு நூற்று மூன்று புள்ளி இரண்டு. நாலு மணிக்கு லூர்தம்மாள் வந்தாள். அன்று கூட்டம் இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. நாலேகால் இருக்கும், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கை ஜில்லுன்னு இருக்குலா. நெத்தியும் வேர்க்குது."

என் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். அவள் அவருடைய அக்குளில் வைத்துக் கையைச் சேர்த்துப் பிடித்தாள். ஐந்து நிமிஷம் நான் கடிகாரம் பார்த்தேன். பாதரசத்தைப் படிக்க அவளுக்கு வராது; எடுத்து என்னிடம் நீட்டினாள். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. இரண்டாம் முறையும் வைக்கச் சொன்னேன். அதே எண். மணி நாலரை.

பத்து நாளுக்கு மேலாக அந்தக் கோட்டில் நான் பார்த்திராத இடம் அது. தாளின் அடியில் சாதாரண உஷ்ணத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்கும் கீழே புள்ளி விழுந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"விட்டுருச்சு தங்கச்சி. காய்ச்சல் விட்டுருச்சு. இங்க பாருங்க."

"நிஜமாவா அண்ணே? முகம் என்னமோ வெளுத்து இருக்கே. டிரஸர் ஐயாவைக் கூப்பிடட்டுமா?"

டிரஸர் வார்டின் கடைசியில் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "அவரு வேலையா இருக்காரு. காய்ச்சல் விட்டா வேர்க்கும், கை குளிரும். அதுதானே நமக்கு வேணும்? ஆறு மணிக்கு அவங்களே பார்ப்பாங்க." இப்படிச் சொன்னது நான். தெர்மாமீட்டர் வைத்திருப்பது தெரிந்துவிடும் என்ற நினைப்பும் அப்போது மனதில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சவரி கண்ணைத் திறந்தார். "என்ன சொல்லுது கோடு?"

"இறங்கிருச்சு மாஸ்டர். நூத்தி மூணுலருந்து தொண்ணூத்தி ஏழரை."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டரை மணி நேரத்துல."

"அவ்வளவு செங்குத்தாவா?" என்றார். நான் சிரித்தேன். "உங்க பசங்க மாதிரி, மணி அடிச்சதும் ஓடிருச்சு" என்றேன். அவரும் உதட்டை அசைத்தார். தண்ணீர் கேட்டார். லூர்தம்மாள் கரண்டியால் ஊற்றினாள்.

"அண்ணே, நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடவா? ரெண்டு நாளா ஒழுங்கா குளிக்கக்கூட இல்லை."

"போங்க. நிம்மதியா தூங்கிட்டு நாளைக்கு வாங்க. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

அவள் அவருடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனாள். போகும்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தேகாலுக்கு டிரஸர் எங்கள் வரிசைக்கு வந்தார். சவரியின் முகத்தைப் பார்த்த உடனே மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உதடுகள் எண்ணுவதைப் பார்த்தேன். எண்ணி முடிக்காமலே திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார்.

"எப்ப துடங்கி இப்பிடி?"

"நாலரை" என்றேன். நோட்டைக் காட்டினேன்.

நோட்டைப் பார்த்தார். தலையணையின் மேல் கிடந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். "ஏன் என்னைக் கூப்பிடேல்லை?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டைகளில் உயர்த்தினார்கள். வயிற்றின் மேல் அய்ஸ் பை வைத்தார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டார். மறைப்புத் தட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் பக்கத்தில் ஒரு முழ அளவு திறப்பு இருந்தது. சுங்கை பினாங்குக்கு ஒரு ஆளைச் சைக்கிளில் அனுப்பினார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பி வந்தான். வேறு எங்கே போயிருப்பாள் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

நான் திறப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கவும் முடியாது. "மாஸ்டர்" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டாம் தடவை தலையைத் திருப்பினார், கண் என்னிடம் வரவில்லை. என் கடிகாரம் கையில் இருந்தது. எதற்காகப் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். ஆறு மணிக்குச் சவரியின் கிறிஸ்தவக் கோயிலில் மாலைச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. மழை நின்றிருந்ததால் நன்றாகக் கேட்டது. ஆறு பதினொன்றுக்கு டிரஸர் மணிக்கட்டை விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இரண்டு ஓசைக்கும் நடுவில் அவர் போனார்.

ஆறு நாற்பதுக்கு லூர்தம்மாள் ஈரத்தலையோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. விரல்களில் மெழுகு ஒட்டியிருந்தது. காய்ச்சல் விட்டால் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக யாரிடமும் சொல்லாமல் நேர்ந்திருந்தாள். வீட்டில் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய் ஏற்றிவிட்டு, அதை அவரிடம் சொல்ல வந்திருந்தாள். நான் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்பதை மறுநாள் டிரஸர் எனக்கு விளக்கினார். மூன்றாம் வாரத்தில் குடல் புண்ணின் பொருக்கு உதிரும். உதிரும்போது சில சமயம் ஒரு ரத்தக் குழாய் திறந்துகொள்ளும். ரத்தம் உள்ளேயே கொட்டும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. உடம்பு குளிர்ந்து வேர்க்கும். காய்ச்சல் கீழே விழும்போதே நாடி மேலே ஓடும்.

"காய்ச்சல் படி இறங்கிற மாதிரி இறங்கவேணும் வாத்தியார். நாலு நாள், அஞ்சு நாள். கிணத்துக்குள்ள கல்லு விழுந்த மாதிரி விழுந்தா அது சுகம் இல்லை. நாடியைப் பிடிச்சிருந்தா உங்களுக்கே விளங்கியிருக்கும்."

"நாலரைக்கே உங்களைக் கூப்பிட்டிருந்தா?"

அவர் என் தலையணையைச் சரிசெய்தார். டாக்டரையும் கேட்டிருந்தார் போலும். "அவ்வளவு ரத்தம். எங்களால ஏலாது. நாலரைக்கு வந்தாலும் இதே ஊசி, இதே அய்ஸ்தான்." பிறகு, "அவரின்ர மனுசி பக்கத்தில இருந்திருப்பா" என்றார். என் தெர்மாமீட்டரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்காக என்னைத் திட்டவில்லை.

அன்று முதல் என் காய்ச்சல் இறங்கிவிடுமோ என்ற பயம் பிடித்தது. எனக்கு மூன்று நாள் முன்னால் ஒருவர் நடந்து போய்விட்டார், நான் அதே வழியில் அதே நாட்களை எண்ணிக்கொண்டு போகிறேன். பதினெட்டு, பத்தொன்பது. நர்ஸ் "நூற்றிரண்டு" என்றால் மூச்சு வந்தது. இருபதாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, நூறு புள்ளி நாலு" என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாடி பாருங்க." பார்த்தாள். "இன்னொரு தடவை பாருங்க." அன்று பகல் முழுவதும் என் இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் பிடித்தபடி கிடந்தேன். பயத்தில் துடிப்பு ஏறும், ஏறியது தெரிந்து இன்னும் பயம் கூடும், இன்னும் ஏறும். உள்ளே எங்கேயோ ஒரு குழாய் திறந்து சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று நிச்சயமாகத் தோன்றியது. வேர்த்தது. வேர்த்ததும் கத்திவிட்டேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

நாலு மணிக்கு வந்த சோரா, நாற்காலியைச் சவரியின் பழைய கட்டில் இருந்த பக்கமாகப் போட்டுக்கொண்டாள், எனக்கு அது கண்ணில் படாதபடி. அந்தக் கட்டிலில் வேறு ஆள் வந்திருந்தார்.

"என்னங்க, நான் புடிச்சுக்குறேன். நீங்க கையை விடுங்க. உங்க விரலே வீங்கிப்போச்சு."

"உனக்கு எண்ணத் தெரியுமா?"

"நூறு வரைக்கும் தெரியும். அதுக்கு மேல போனா டிரஸரைக் கூப்பிடுறேன், போதுமா?"

அவள் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள். எண்பத்தெட்டு. மறுபடி எண்பத்தாறு. டிரஸர் அவளை ஆறு மணிக்குப் பிறகும் இருக்க விட்டார். காய்ச்சல் ஐந்து நாளில், படியாக இறங்கியது. அதை நான் குறிக்கவில்லை. என் பென்சில் கோடு பதினேழாம் நாளோடு நிற்கிறது, அவருடைய கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்.

முப்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. சுவரைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டேன். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். லூர்தம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "காய்ச்சல் முழுசா விட்டுருச்சு. கடைசி நேரத்துல அவருக்கு ஒரு உபத்திரவமும் இல்லை, சுகமாத்தான் இருந்தார். மீரான் அண்ணனே கணக்குப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ஆண்டவர் திடீர்னு கூப்பிட்டுக்கிட்டார்." அந்தச் சுகமான அரைமணிதான் அவளைத் தாங்குகிறது என்று சோரா சொன்னாள். "அதை எடுத்துறாதீங்க" என்றும் சொன்னாள்.

எடுக்காமல் இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் சுங்கை பினாங்குக்குப் போனேன். பாடநூலின் கையெழுத்துப் பிரதி அவளிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் மேசைமேல் அதைத் தயாராக வைத்திருந்தாள். கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"அந்தக் கோடு போட்ட தாள் இருக்கா அண்ணே? கடைசிப் பாடத்துக்கு அதைத்தான் போடணும்னு சொல்லிட்டே இருந்தார்."

என் பையில் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தேன்.

அவளுக்குப் பாதரசம் படிக்கத் தெரியாதே தவிர, கோடு படிக்கத் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்தப் பாடத்தின் ஒவ்வொரு கணக்கையும் சவரி முதலில் அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பார். அவளுக்குப் புரிந்தால் வகுப்புக்குப் புரியும் என்பது அவர் கணிப்பு. தாளை ஜன்னல் பக்கமாகப் பிடித்தாள். விரலை முதல் புள்ளியில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள். கடைசிப் புள்ளிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது மட்டும் ஏன் இப்படி விழுது?"

சோரா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. சவரி "அவ்வளவு செங்குத்தாவா?" என்று கேட்டதும் வந்தது. அவரிடம் சிரித்ததைப் போல இவளிடம் சிரிக்க முடியவில்லை. டிரஸர் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காய்ச்சல் விடவில்லை. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. டிரஸரைக் கூப்பிட வேண்டாம் என்றது நான். தெர்மாமீட்டரை ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னேன். கூப்பிட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டிரஸர் சொன்னதைச் சொன்னேன்; அது எனக்காகச் சொல்வது போல என் காதிலேயே விழுந்தது.

அவள் விரல் இன்னும் அந்தக் கடைசிப் புள்ளியிலேயே இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இருந்திருப்பேன்" என்றாள்.

"ஆமா."

"என்னைப் போகச் சொன்னீங்க."

"ஆமா தங்கச்சி."

தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தாள். பிறகு, "நான் மெழுகுவத்தி ஏத்தினப்போ அவர் இருந்தாரா?" என்று கேட்டாள்.

"எத்தனை மணிக்கு ஏத்தினீங்க?"

"திரிகால மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏத்திட்டு முழங்கால்ல நிக்கிறேன், மணி அடிச்சுது."

"இருந்தார். மணி அடிச்சு பதினொரு நிமிஷம் இருந்தார். கடிகாரம் என் கையில இருந்துச்சு."

"அவருக்குக் கேட்டுச்சா?"

தட்டியின் திறப்பில் பார்த்ததைச் சொன்னேன். மணி அடிக்கத் தொடங்கியதும் வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. நெற்றிவரை போக முடியவில்லை. நெஞ்சின் மேல் வைத்து, அங்கேயே சின்னதாகச் சிலுவை போட்டார். இதை நான் அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், போகவில்லை. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன கஞ்சியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். எனக்கு எதிரே வைத்தாள். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புறப்படும்போது பாடநூலைக் கொடுத்தாள். தாளையும் அதற்குள் வைத்திருந்தாள்.

"கடைசிப் பாடத்துல இதையே போடுங்க அண்ணே. நாடிக்கும் ஒரு கோடு வேணும்னு பக்கத்துல எழுதுங்க. இன்னொரு வீட்ல ஒருத்தி குளிக்கப் போயிடக்கூடாது."

"சரி."

"உங்க வட்டத்துக்கும் எழுதிப் படிங்க. சுத்தி வளைக்காதீங்க. மணியைப் போடுங்க. அனுப்பினது யாருன்னும் போடுங்க."

போட்டுவிட்டேன். மணி நாலரை. அனுப்பியது நான்.